பியோ டெல் ரியோ ஓர்த்தேகா

பியோ டெல் ரியோ ஓர்த்தேகா (மே 5, 1882 - ஜூன் 1, 1945) ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் திசுவியல் அறிஞரும் ஆவார். மூளையில் காயமோ நோயோ நேரும்போது அவ்விடத்திற்குச் சென்று சிதைந்தவற்றை விழுங்கும் நுண்கிளியா என்னும் உயிரணுக்களைத் தனி வகையாக இனங்கண்டு, 1919 ஆம் ஆண்டில் அவற்றுக்குப் பெயரிட்டவர் இவர். நரம்பிழைகளுக்கு உறையிடும் ஆலிகோடென்ட்ரோகிளியா உயிரணுக்களை 1921 இல் விவரித்தவரும் இவரே. நலமாக முதுமை அடைபவரின் மூளையில் அழற்சி தோன்றுகிறதா என்பதை உயிருள்ள மனிதரிடத்தில் படமெடுத்து அறியும் இக்கால ஆய்வுகள் பெரும்பாலும் இவர் கண்ட நுண்கிளியாவையே தேடுகின்றன.

ஸ்பானிய மொழியில் ஹகரம் ஒலிக்கப்படுவதில்லை. ஆகவே இவரது குடும்பப் பெயர் ஓர்த்தேகா என்றே ஒலிக்கப்படும்.

இளமையும் கல்வியும்

ஓர்த்தேகா ஸ்பெயினின் வயதொலீத் மாகாணத்திலுள்ள போர்த்தீயோ என்னும் சிற்றூரில் பிறந்தார். வயதொலீத் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1905 இல் பட்டம் பெற்றார். சிறிது காலம் சொந்த ஊரிலேயே மருத்துவராகப் பணியாற்றினார். நோயாளிகளைப் பார்ப்பதைவிட நுண்ணோக்கியின் கீழ்த் திசுக்களைப் பார்ப்பதிலேயே அவரது மனம் நாட்டம் கொண்டது. மாட்ரிட் சென்று மூளைக் கட்டிகள் குறித்து முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். 1913 இல் அரசு உதவித்தொகையுடன் ஐரோப்பிய ஆய்வகங்களில் பயிற்சி பெறப் புறப்பட்டார். மறு ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டதால் அப்பயணம் தடைப்பட்டது.

நாடு திரும்பிய ஓர்த்தேகா, மாட்ரிடில் நிகோலாஸ் அச்சூக்கரோவின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அச்சூக்கரோ, மியூனிக்கில் அலோய்ஸ் அல்சைமரிடம் பயின்றவர். வெறிநாய்க்கடி நோயில் மூளையில் தோன்றும் கோல் வடிவ உயிரணுக்களை ஆராய்ந்தவர். மூளையின் ஆதாரத் திசுக்களை வெள்ளி உப்புகளால் சாயமேற்றும் முறையொன்றையும் உருவாக்கியிருந்தார். நரம்பணுக்களை விட்டு அவற்றைச் சூழ்ந்துள்ளவற்றின் மீது ஓர்த்தேகாவின் கவனத்தைத் திருப்பியவர் இவரே எனலாம். அச்சூக்கரோ 1918 இல், தமது 37 ஆம் வயதில், ஹாட்ஜ்கின் நோயால் காலமானார். அவருடைய ஆய்வகத்தின் பொறுப்பு ஓர்த்தேகாவிடம் வந்தது.

மூன்றாம் கூறு

இவ்விடத்தில் அக்காலத்து அறிவுநிலையைச் சற்று விளக்குதல் தேவை. நரம்பு மண்டலத்தின் முதற் கூறு நரம்பணுக்கள். இரண்டாம் கூறு, விண்மீன் போன்ற கிளைகளுடைய ஆஸ்ட்ரோசைட்டுகள். 1906 இல் நோபல் பரிசு பெற்ற சான்டியாகோ ரமோன் இ கஹால், 1913 இல் தமது தங்க உப்பு முறையால் ஆஸ்ட்ரோசைட்டுகளைத் தெளிவாகக் காட்டினார். அம்முறைக்கு அகப்படாத உயிரணுக்கள் பல எஞ்சின. அவற்றின் உட்கரு மட்டும் தெரிந்தது. கிளைகள் எவையும் புலப்படவில்லை. கஹால் இவற்றைக் கிளைகளற்றவை எனக் கருதி, மூன்றாம் கூறு என அழைத்தார்.

சாயம் ஏறாத ஒன்று கிளையற்றதாகத் தோன்றும். கிளை உண்மையிலேயே இல்லையா, அல்லது கிளை இருந்தும் சாயம் ஏறவில்லையா என்பதை அந்தச் சாயத்தைக் கொண்டே தீர்மானிக்க இயலாது. வேறொரு சாயமே இதற்கு விடை கூற முடியும். ஓர்த்தேகா உருவாக்கியது அத்தகைய சாயமாகும்.

வெள்ளிக் கார்பனேட்டு முறை

1918 இல் ஓர்த்தேகா அமோனியா கலந்த வெள்ளிக் கார்பனேட்டு முறையை உருவாக்கினார். வெள்ளி நைட்ரேட்டுடன் சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தால் வீழ்படிவு உண்டாகும். அதனை அமோனியாவில் கரைத்தால் சாயக் கரைசல் கிடைக்கும். ஃபார்மலினும் அம்மோனியம் புரோமைடும் கலந்த கரைசலில் பதப்படுத்திய மூளைத் திசுவை உறைய வைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, அக்கரைசலில் இட்டு, பின்னர் ஃபார்மலினில் ஒடுக்கினால் உலோக வெள்ளி உயிரணுக்களின் மீது கருமையாகப் படியும்.

செய்முறையைப் படிக்க எளிதாக இருப்பினும் செய்து முடிப்பது கடினம். பதப்படுத்தும் காலம், கரைசலின் செறிவு, வெப்பநிலை ஆகியவற்றைச் சிறிதளவு மாற்றினாலும் வேறு உயிரணு வகை சாயமேறும், அல்லது எதுவும் ஏறாது. இந்தக் குறையையே ஓர்த்தேகா பயனாக மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு உயிரணு வகைக்கும் ஏற்ற நிலைமைகளைப் பொறுமையுடன் தேடிக் கண்டறிந்து, ஒரே முறையின் பல வடிவங்களால் அவ்வகைகளைத் தனித்தனியே காட்டினார். அவரிடம் நேரில் கற்காமல் இம்முறையைக் கையாள்வது பிறருக்கு எளிதாக இருக்கவில்லை. அவருடைய முடிவுகளைப் பிறர் ஐயுற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நுண்கிளியா

புதிய முறையில் மூன்றாம் கூற்றின் உயிரணுக்களுக்குக் கிளைகள் தெரிந்தன. அத்துடன், மூன்றாம் கூறு என்பது ஒரே வகையன்று, இரு வகைகளின் கலப்பு என்பதும் புலனாயிற்று. ஒன்று, கருவின் புறப்படையில் தோன்றிய ஆலிகோடென்ட்ரோகிளியா. மற்றது, இடைப்படையில் தோன்றியது என ஓர்த்தேகா கருதிய நுண்கிளியா. 1919 இல் ஸ்பானிய உயிரியல் கழகத்தின் வெளியீட்டில் தொடர்ந்து வந்த கட்டுரைகளில் நுண்கிளியாவை அவர் விவரித்தார்.

அவரது முடிவுகளைச் சுருக்கமாகக் கூறினால்: நுண்கிளியா மூளையில் பிறந்ததன்று; கரு வளர்ச்சியின்போது வெளியிலிருந்து மூளைக்குள் நுழைந்தது. நுழையும்போது அமீபா போன்ற உருண்டை வடிவில் உள்ளது. இரத்தக் குழாய்களையும் வெண்பொருள் பாதைகளையும் பற்றி நகர்ந்து மூளை முழுவதும் பரவுகிறது. நலமான முதிர்ந்த மூளையில் நுண்ணிய பல கிளைகளை விரித்து நிற்கிறது. ஒவ்வோர் உயிரணுவுக்கும் தனி எல்லை உண்டு; ஒன்றின் கிளைகள் மற்றதன் எல்லையில் புகுவதில்லை. மூளைக்குக் கேடு நேர்ந்தால் கிளைகளைச் சுருக்கி, பருத்து, மீண்டும் அமீபா வடிவம் பெறுகிறது; இடம்பெயர்கிறது, பெருகுகிறது, சிதைவுகளை விழுங்குகிறது. அதுவரை வெவ்வேறாகக் கருதப்பட்ட கோல் வடிவ உயிரணுக்களும் கொழுப்பு நிறைந்த விழுங்கணுக்களும் ஒரே நுண்கிளியாவின் வெவ்வேறு நிலைகள் என்றும் அவர் காட்டினார்.

இவ்விவரிப்பில் வடிவமே மையமாக உள்ளது. கிளை விரித்திருந்தால் அமைதி, கிளை சுருங்கியிருந்தால் கிளர்ச்சி. இறந்த திசுவின் சீவல்களை மட்டுமே கண்டவர், அவற்றை வரிசைப்படுத்தி ஓர் இயக்கத்தை ஊகித்தார். ஆனால் அவருடைய அமைதிநிலை என்னும் கருத்து பின்னாளில் திருத்தம் பெற்றது. 2005 இல் இரு ஒளியன் நுண்ணோக்கியால் உயிருள்ள எலியின் மூளையைக் கண்ட இரு ஆய்வுக் குழுக்கள், நலமான மூளையிலும் நுண்கிளியாவின் கிளைகள் இடைவிடாது நீண்டும் சுருங்கியும் சூழலைத் துழாவுவதைக் கண்டன. உடல் நகராமல் நிற்கிறது, கிளைகள் ஓய்வதில்லை.

கஹாலுடன் பிணக்கு

கஹால் கிளையற்றவை என்று கூறியவற்றுக்குக் கிளைகள் உண்டென்று அதே ஆய்வகச் சூழலில் வளர்ந்த இளையவர் ஒருவர் நிறுவியது எளிதில் ஏற்கப்படவில்லை. ஸ்காட்லாந்தின் வில்லியம் ஃபோர்ட் ராபர்ட்சன் பிளாட்டினம் உப்பு முறையால் மீசோகிளியா என்னும் உயிரணுக்களை முன்னரே விவரித்திருந்தார். ஓர்த்தேகா கண்டவை அவையே என்று கஹால் 1920 இல் கருத்துத் தெரிவித்தார். ஆலிகோடென்ட்ரோகிளியாவையும் அவர் உடனே ஏற்கவில்லை.

இத்துடன் ஆய்வகத்தின் உள்விவகாரங்களும் சேர்ந்துகொண்டன. பணியாளர் ஒருவருடன் ஏற்பட்ட பூசலும் கஹாலின் செவிக்கு எட்டிய வதந்திகளும் நிலைமையை மோசமாக்கின. 1920 இல் ஓர்த்தேகாவை ஆய்வகத்திலிருந்து வெளியேறுமாறு கஹால் கடிதம் மூலம் கூறினார். கஹாலின் சொல்லே ஸ்பானிய அறிவியலில் இறுதிச் சொல்லாக இருந்த காலம் அது. எனினும் ஓர்த்தேகாவின் பணி நிற்கவில்லை. மாட்ரிடில் மாணவர் இல்லம் எனப் பொருள்படும் ரெசிதென்சியா தே எஸ்துதியாந்தெஸ் நிறுவனத்தில் அவருக்குத் தனி ஆய்வகம் அமைத்துத் தரப்பட்டது. கவிஞர் லோர்கா, ஓவியர் தாலி, திரைப்பட இயக்குநர் புனுவேல் ஆகியோர் இளமையில் தங்கியிருந்த இடமும் இதுவே. ஆலிகோடென்ட்ரோகிளியா பற்றிய 1921 ஆம் ஆண்டுக் கட்டுரை, வெளியேற்றப்பட்ட பின்னர் வந்ததாகும். பிற்காலத்தில் இருவருக்குமிடையே உறவு ஓரளவு சீரடைந்தது. இப்பிணக்கைப் பற்றி ஓர்த்தேகா எழுதிய நினைவுக் குறிப்புகள் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1986 இல், நூலாக வெளிவந்தன.

முன்னுரிமைச் சிக்கலைத் தீர்த்தவர் அமெரிக்காவில் பிறந்த நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு. 1924 இல் மாட்ரிட் வந்து, சில மாதங்கள் தங்கி, ஓர்த்தேகாவிடம் வெள்ளிச் சாய முறையை நேரில் கற்றார். ராபர்ட்சன் கண்டவை பெரும்பாலும் ஆலிகோடென்ட்ரோகிளியாவே, நுண்கிளியா அல்ல என்பதைத் தெளிவுபடுத்தினார். 1932 இல் பென்ஃபீல்டு தொகுத்த நரம்பு மண்டல உயிரணுவியல் நூலில் நுண்கிளியா பற்றிய இயலை ஓர்த்தேகாவே எழுதினார். அவருடைய கருத்துகள் ஆங்கில உலகில் பரவியது இந்நூல் வழியாகவே.

1928 முதல் மாட்ரிடின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஆய்வுப் பிரிவின் பொறுப்பையும், பின்னர் அந்நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பையும் ஏற்றார். மூளைக் கட்டிகளை அவற்றின் உயிரணு வகையைக் கொண்டு பகுக்கும் பணியில் ஈடுபட்டார். 1929, 1937 ஆகிய ஆண்டுகளில் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், பரிசு கிடைக்கவில்லை.

போரும் புலப்பெயர்வும்

1936 இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் தொடங்கியது. மாட்ரிட் முற்றுகையிடப்பட்டபோது அறிவியலாளர் பலர் குடியரசு அரசால் வலென்சியா நகருக்கு அனுப்பப்பட்டனர். ஓர்த்தேகாவும் அவ்வாறு சென்று, அங்கிருந்து பாரிசு நகரை அடைந்தார். நரம்பு அறுவை மருத்துவர் குளோவிஸ் வின்சென்ட் பணியாற்றிய பித்தியே மருத்துவமனையில் சில காலம் ஆய்வு செய்தார். பின்னர் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்று, ஹியூ கெயின்ஸ் தலைமையிலான நரம்பு அறுவைப் பிரிவில் மூளைக் கட்டிகளை ஆராய்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

1940 இல், ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கையில், அர்கெந்தீனாவின் புவெனஸ் ஐரெஸ் நகருக்குச் சென்றார். அங்கிருந்த ஸ்பானிய பண்பாட்டு நிறுவனத்தின் ஆதரவுடன் ஆய்வகம் அமைத்தார். 1942 இல் திசுவியலுக்கெனத் தனி இதழ் ஒன்றைத் தொடங்கினார். 1945 ஜூன் 1 அன்று அந்நகரிலேயே புற்றுநோயால் காலமானார். போருக்குப் பின் அவர் ஸ்பெயினுக்குத் திரும்பவேயில்லை.

அவருடைய மறைவுக்குப் பின் நுண்கிளியா ஆய்வு பல பத்தாண்டுகள் தேங்கியது. வெள்ளிச் சாயம் எல்லோருக்கும் கைவரவில்லை. அவ்வுயிரணுக்கள் தனி வகைதானா என்றே சிலர் ஐயுற்றனர். 1985 இல், ஓர்த்தேகா அகதியாக வாழ்ந்த அதே ஆக்ஸ்ஃபோர்டில், ஹியூ பெரியும் உடன் பணியாற்றியோரும் நோயெதிர்ப்புப் புரதங்களைக் கொண்டு எலி மூளையை ஆராய்ந்து, நுண்கிளியா பெருவிழுங்கணுக்களின் இனத்தைச் சேர்ந்தது எனக் காட்டினர். 2010 இல் வெளிவந்த ஆய்வொன்று, எலிகளில் நுண்கிளியா கருவின் தொடக்க நாட்களிலேயே கருவுணவுப் பையில் தோன்றி மூளைக்குள் குடியேறுகிறது என நிறுவியது. வெளியிலிருந்து வந்தது என்னும் ஓர்த்தேகாவின் கூற்று, ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின் உறுதிப்பட்டது.

உயிருள்ள மூளையில் நுண்கிளியா

ஓர்த்தேகா மூளையைச் சீவித்தான் பார்க்க முடிந்தது. உயிருள்ள மனிதரின் மூளையில் நுண்கிளியாவின் நிலையை அறிய இன்று மிகுதியாகப் பயன்படுவது பாசிட்ரான் உமிழ்வுப் படமெடுப்பு ஆகும். கதிரியக்க அணு பொருத்திய மருந்து சிறிதளவு நரம்பில் செலுத்தப்படுகிறது. அது மூளையில் எங்கு ஒட்டுகிறதோ அங்கிருந்து வரும் கதிர்களைக் கொண்டு படம் உருவாக்கப்படுகிறது.

நுண்கிளியாவைத் தேடும் மருந்துகள் பொதுவாக டிஎஸ்பிஓ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் புரதத்தில் ஒட்டுகின்றன. இது உயிரணுவுக்குள் இழைமணிகளின் வெளிச்சவ்வில் அமைந்துள்ளது. 1977 இல் அறியப்பட்ட இப்புரதத்திற்கு 2006 இல் இப்பெயர் சூட்டப்பட்டது. நலமான மூளையில் இதன் அளவு குறைவு. விலங்காய்வுகளில் நுண்கிளியா கிளர்ச்சியுறும்போது கூடுகிறது. கார்பன்-11 பொருத்திய பிகே11195 என்னும் மருந்து இவ்வகையில் முதலில் பெருமளவு பயன்பட்டது. கார்பன்-11 இன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடங்களே. ஆகவே சைக்ளோட்ரான் உள்ள இடத்திலேயே தயாரித்து உடனே செலுத்த வேண்டும்.

நலமான முதியோரை ஏன் படமெடுக்க வேண்டும் என்னும் கேள்வி எழலாம். அல்சைமர் போன்ற நோய்கள் முதுமையில் மிகுதி. நோயுற்ற 75 வயதினரின் மூளையில் கூடுதல் ஒளிர்வு தெரிந்தால், அது நோயால் வந்ததா, வயதால் வந்ததா என்று பிரித்தறிய, நோயற்ற 75 வயதினரின் அளவு தெரிந்திருக்க வேண்டும். இந்த அடிப்படை அளவே இன்னும் உறுதியாக நிலைபெறவில்லை. 2001 இல் லண்டனில் நடந்த ஆய்வு, நலமானவர்களிடம் வயதோடு தலமசுப் பகுதியில் ஒட்டும் அளவு கூடுவதைக் கண்டது. 2012 இல் ஆம்ஸ்டர்டாம் குழுவினர் மூளையின் பல பகுதிகளில் கூடுவதாக அறிவித்தனர். 2014 இல் டொரான்டோ குழுவினர் ஃபுளோரின்-18 பொருத்திய வேறொரு மருந்தைப் பயன்படுத்தி, நலமானவர்களிடம் வயதுக்கும் ஒளிர்வுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என்றனர்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. பழைய மருந்தில் பின்னணி இரைச்சல் மிகுதி. புதிய மருந்துகளில் வேறு சிக்கல்: டிஎஸ்பிஓ மரபணுவில் ஓரெழுத்து மாற்றம் உள்ளவரிடம் மருந்து வலுக்குறைந்தே ஒட்டுகிறது. பிபிஆர்28 என்னும் மருந்தில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 50 மடங்கு. மரபணுவைச் சோதிக்காமல் ஒப்பிட்டால், அழற்சியின் வேறுபாடு என எண்ணியது பிறப்பிலேயே அமைந்த வேறுபாடாக இருக்கக்கூடும். மேலும் டிஎஸ்பிஓ நுண்கிளியாவுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்ட்ரோசைட்டுகளிலும் இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் உண்டு. நுண்கிளியா கிளர்ச்சியுறும்போது அதற்குள் டிஎஸ்பிஓ கூடுவது எலி போன்ற கொறிணிகளில் காணப்படும் இயல்பு என்றும், மனிதரில் ஒளிர்வு கூடுவது உயிரணுக்களின் எண்ணிக்கையையே பெரும்பாலும் காட்டுகிறது என்றும் 2023 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இது உண்மையாயின், அழற்சிப் படம் எனக் கருதப்பட்ட பலவற்றை மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கும்.

இவை அனைத்திலும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. இப்படத்தின் ஒரு புள்ளி சில மில்லிமீட்டர் அளவினது. அதற்குள் ஆயிரக்கணக்கான நுண்கிளியா உயிரணுக்கள் அடங்கும். எவ்வளவு என்பதைப் படம் கூறும்; எந்த வடிவில் என்பதைக் கூறாது. முதியோரின் மூளையில் வடிவமே முதன்மையானது. 2004 இல் வோல்ஃப்காங் ஸ்ட்ரைட்டும் உடன் பணியாற்றியோரும், இறந்த முதியோரின் மூளைத் திசுவில் கிளைகள் உடைந்து துண்டான நுண்கிளியாவைக் கண்டனர். அவை கிளர்ச்சியுற்றவை அல்ல, தாமே முதுமையால் நலிந்தவை என்று கருதினர். கிளர்ச்சியும் நலிவும் நேர் எதிரானவை. முன்னதற்கு அழற்சியைத் தணிக்கும் மருந்து பொருந்தலாம், பின்னதற்கு அது தீங்காகவும் முடியலாம்.

வடிவத்தைப் படமெடுக்கும் முயற்சியும் தொடங்கியுள்ளது. 2022 இல் ஸ்பெயினின் அலிகாந்தே நகர நரம்பறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த சில்வியா தே சாந்திஸ் குழுவினர், காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பில் நீர் மூலக்கூறுகளின் பரவலை அளந்து, எலிகளில் நுண்கிளியாவின் கிளைச் சுருக்கத்தையும் ஆஸ்ட்ரோசைட்டின் மாற்றத்தையும் பிரித்தறியலாம் எனக் காட்டினர். கிளை விரிந்த உயிரணுவுக்குள்ளும் உருண்ட உயிரணுவுக்குள்ளும் நீர் வெவ்வேறு விதமாகப் பரவுகிறது என்பதே இதன் அடிப்படை. இதற்குக் கதிரியக்க மருந்து தேவையில்லை. எலிகளில் கிடைத்த முடிவுகளை, அம்மூளைகளைப் பின்னர் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தே சரிபார்த்தனர்.

நினைவு

ஓர்த்தேகாவின் உடல் எச்சங்கள் 1986 இல் புவெனஸ் ஐரெஸிலிருந்து ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்பட்டு, வயதொலீத் நகரில் அந்நகரின் புகழ்பெற்றோருக்கான கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. அந்நகரின் பல்கலைக்கழக மருத்துவமனைகளுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.